அதிராத கொன்ட்ரோலரைத் திருத்துவதா, ஹப்டிக் கொன்ட்ரோலர் வாங்குவதா?

கொட்டகலைக் குளிர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் நான்கு வருடங்களாக இருக்கும் கொன்ட்ரோலரின் வலது கைப்பிடி சென்ற மாதத்திலிருந்து அதிர்வதில்லை. இடது பக்கம் மட்டும் பழையபடி உறுமுகிறது. கார் ஓட்டும் ஆட்டத்தில் வீதியோரச் சரளைக்கல்லில் சக்கரம் ஏறினால் முன்பெல்லாம் கையில் நறநறவென்று தெரியும். இப்போது மதிலில் மோதினால் மட்டுமே ஏதோ நடந்திருக்கிறது என்று கை அறிகிறது. பொத்தான்களில் எந்தக் குறையும் இல்லை.

கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் தீபாவளிக்கு வரும்போது பிளேஸ்டேஷன் 5 இன் ஹப்டிக் கொன்ட்ரோலரான டுவல்சென்ஸ் ஒன்றை வாங்கி வரத் தயாராக இருக்கிறார், பாதிப் பணத்தை நான் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்தப் பாதியே எனக்குச் சிறிய தொகை அல்ல. மேலும் நான் விளையாடுவது பிளேஸ்டேஷனில் அல்ல, கணினியில். ஹப்டிக் என்று இப்போது சொல்லப்படுவது பழைய அதிர்விலிருந்து உண்மையிலேயே வேறுபட்ட ஒன்றா, அல்லது அதே மோட்டாருக்கு வைத்த புதுப் பெயரா? பழையதைத் திருத்தினால் போதுமா?

அட்டன் ரிப்பேர் மேசை எழுதியது:

தம்பி, வாங்குவதைப் பற்றிப் பேசுவதற்கு முன் கையில் இருப்பதை ஒருமுறை திறந்து பாருங்கள். இரு மோட்டார் கொன்ட்ரோலர்களில் இடது கைப்பிடிக்குள் இருப்பது பெரிய எடை கொண்ட மோட்டார், வலது கைப்பிடிக்குள் இருப்பது சிறிய எடை கொண்டது. ஒவ்வொன்றின் அச்சிலும் அரைநிலா வடிவில் ஓர் உலோகத் துண்டு இறுக்கிச் செருகப்பட்டிருக்கும். மோட்டாரிலிருந்து தலைமுடி போன்ற இரண்டு கம்பிகள் மின்சுற்றுப் பலகைக்குப் போகும். என் மேசைக்கு வரும் அதிராத கொன்ட்ரோலர்களில் பெரும்பாலானவற்றில் மோட்டார் நன்றாகவே இருக்கும். அந்தக் கம்பி ஈயம் வைத்த இடத்தில் விட்டிருக்கும், அல்லது அரைநிலாத் துண்டு அச்சிலிருந்து நழுவியிருக்கும்.

சோதிக்கும் முறை எளிது. முதலில் உள்ளே இருக்கும் பெட்டரியைக் கழற்றி விடுங்கள். பின்னர் ஒரு பென்டோர்ச் பெட்டரியின் இரு முனைகளையும் மோட்டாரின் இரு கம்பிகளிலும் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். சுழன்றால் மோட்டார் பிழைத்திருக்கிறது, குறை பலகைப் பக்கம். சுழலாமல் இருந்து, விரலால் மெல்லத் தள்ளியதும் சுழன்றால், உள்ளே சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் தூரிகையில் அழுக்கோ களிம்போ பிடித்திருக்கிறது. நம் ஊர்களில் ஆறு மாதம் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்து கொள்வதால் அப்படிப் பிடிப்பதும் உண்டு. சுழன்றும் கையில் எதுவும் தெரியாவிட்டால் அரைநிலா நழுவிவிட்டது. பழுது எதுவானாலும் செலவு மிகச் சொற்பம்தான்.

தலவாக்கலை 97 எழுதியது:

புதிய பெயரா என்று கேட்டிருக்கிறீர்கள். என் கருத்தில் முக்கால் பங்கு புதிய பெயர்தான். இந்தத் துறையில் யாரும் எதையும் முதன்முதலாகக் கண்டுபிடிப்பதில்லை, திரும்பத் திரும்ப விற்கிறார்கள். சீகா நிறுவனம் 1976 ஆம் ஆண்டிலேயே மோட்டார் சைக்கிள் ஆட்டப் பெட்டி ஒன்றில், எதிரே வரும் வண்டியில் மோதினால் கைப்பிடி அதிரும்படி செய்திருந்தது. வீட்டுக்குள் அது பரவலாக வந்தது 1997 இல், நின்டெண்டோ 64 கொன்ட்ரோலரின் பின்புறத்தில் செருகும் ரம்பிள் பக் மூலமாக. அதற்கென்று தனியாக இரண்டு சிறிய பெட்டரிகள் போட வேண்டும். அதே ஆண்டின் இறுதியில் சோனி, இரண்டு மோட்டார்களையும் கைப்பிடிக்குள்ளேயே வைத்து டுவல்ஷொக் என்ற பிளேஸ்டேஷன் கொன்ட்ரோலரை ஜப்பானில் வெளியிட்டது. அந்த முதல் டுவல்ஷொக்கின் சிறிய மோட்டாருக்கு வேகம் கூட்டிக் குறைக்கும் வசதியே கிடையாது. ஓடும், அல்லது நிற்கும்.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அதிர்வுத் தொழில்நுட்பத்தில் காப்புரிமைகள் வைத்திருந்த இமர்ஷன் என்ற அமெரிக்க நிறுவனம் 2002 இல் சோனி மீதும் மைக்ரோசொஃப்ட் மீதும் வழக்குத் தொடுத்தது. மைக்ரோசொஃப்ட் மறு ஆண்டே சமரசம் செய்துகொண்டது. சோனி எதிர்த்துப் போராடி, 2004 இல் நடுவர் குழு 8.2 கோடி டொலர் கட்டச் சொல்லும் வரை போனது. 2006 இல் பிளேஸ்டேஷன் 3 வந்தபோது அதன் கொன்ட்ரோலரில் அதிர்வே இல்லை. அசைவை அறியும் உணரிகளுக்கு மோட்டார் இடைஞ்சல் என்று காரணம் சொன்னார்கள். 2007 இல் இமர்ஷனோடு சமரசம் ஆனது. அந்த ஆண்டே அதிர்வும் இருக்கிற, அசைவு உணரியும் இருக்கிற டுவல்ஷொக் 3 ஜப்பானில் கடைக்கு வந்துவிட்டது. இடைஞ்சல் எங்கே போனது என்று யாரும் விளக்கவில்லை.

நான் துப்பாக்கிச் சூட்டு ஆட்டங்களில் அதிர்வை முற்றாக அணைத்துவிட்டுத்தான் விளையாடுகிறேன். குறி பார்க்கும் கையையே ஆட்டிவிடும் ஒரு வசதிக்குக் காசு கொடுப்பதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. தம்பி திருத்திக்கொள்ளட்டும், மிச்சப் பணத்தில் நல்ல ஹெட்போன் வாங்கட்டும்.

பழைய டீமேக்கர் எழுதியது:

நான் விளையாடுபவன் அல்லன். பேரப்பிள்ளைகள் விளையாடும்போது பக்கத்தில் இருப்பவன். ஆனால் இந்த அரைநிலாத் துண்டு விடயம் எனக்கு நன்கு பழக்கமானது, ஏனெனில் முப்பது வருடங்களுக்கு மேல் தேயிலைத் தொழிற்சாலையில் அதனோடுதான் வாழ்ந்தேன்.

தூளைத் தரம் பிரிக்கும் சல்லடை இயந்திரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மோட்டார் வட்டமாகத்தான் சுற்றுகிறது, ஆனால் மையம் விலகிய ஓர் இணைப்பின் வழியாக அந்தச் சுழற்சி சல்லடைத் தட்டை முன்னும் பின்னும் உலுக்குகிறது. கொன்ட்ரோலருக்குள் இருப்பது இதன் குட்டிப் பிள்ளை. எடை ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதால், சுற்றும்போது தன்னைத் தாங்கும் கூட்டை ஒவ்வொரு பக்கமாக இழுக்கிறது. அந்த இழுவிசை எடையின் அளவோடும், மையத்திலிருந்து அது விலகியிருக்கும் தூரத்தோடும், சுழற்சி வேகத்தின் இருமடியோடும் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்கு. இதில் ஒரு சங்கடம் இருக்கிறது: பலமாக உலுக்க வேண்டுமென்றால் வேகமாகச் சுற்றியே ஆக வேண்டும், மெதுவாகவும் பலமாகவும், அல்லது விரைவாகவும் மென்மையாகவும் உலுக்குவது ஒரே மோட்டாரால் முடியாது. அதனால்தான் பெரியது ஒன்று, சிறியது ஒன்று என்று இரண்டு வைக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மின்சாரம் தடைப்பட்டால் சல்லடை உடனே நிற்பதில்லை. வேகம் குறைந்துகொண்டே வந்து, ஒரு குறிப்பிட்ட வேகத்தைக் கடக்கும்போது, ஓடிய நேரத்தில் இல்லாத அளவுக்கு முழுச் சட்டமும் பலகைத் தளமும் தடதடவென்று ஆடும். அதன் பிறகுதான் அடங்கும். ஒவ்வொரு பொருளுக்கும் தனக்கென்று ஓர் ஆடும் வேகம் இருக்கிறது, இயந்திரம் அந்த வேகத்தைத் தாண்டிப் போகும்போது இரண்டும் கைகோத்துக்கொள்கின்றன. பேரன் கையிலிருந்த கொன்ட்ரோலரை வாங்கிப் பிடித்துப் பார்த்தபோது, வெடிச்சத்தம் முடிந்த பின்னும் அது கைக்குள் இழுத்து அடங்கியதை உணர்ந்தேன். எனக்குத் தொழிற்சாலை ஞாபகம் வந்துவிட்டது.

பதுளைப் பொறியியல் எழுதியது:

டீமேக்கர் ஐயாவின் கடைசிப் பத்தியில்தான் கொட்டகலை அண்ணாவின் கேள்விக்கான விடை இருக்கிறது. பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம் பலத்தில் இல்லை, தொடங்குவதிலும் நிற்பதிலும் இருக்கிறது.

எடை மோட்டார் நின்ற நிலையிலிருந்து முழு வேகத்துக்கு வரப் பல பத்து மில்லிசெக்கன் ஆகும், அடங்கவும் அப்படியே. ஒரு துப்பாக்கி வெடிப்பின் கூர்மை அதற்குள் கரைந்துவிடும். எதிர்த்திசையில் மின்னழுத்தம் கொடுத்து விரைவாக நிறுத்தும் தந்திரங்கள் உண்டு. ஆனால் ஓர் அளவுக்கு மேல் அது உதவாது. அடுத்த வகையில் சுழற்சியே இல்லை. ஒரு சிறிய எடை வில்லில் தொங்கும், மின்காந்தச் சுருள் அதை நேர்கோட்டில் முன்னும் பின்னும் ஆட்டும். தொடங்குவதும் நிற்பதும் விரைவு, ஆனால் வில்லுக்கு இயல்பான அதிர்வெண்ணை ஒட்டியே நன்றாக ஆடும், அதைவிட்டு விலகினால் சோர்ந்துவிடும். 2017 இல் வந்த நின்டெண்டோ சுவிட்சின் ஜொய்-கொன் இந்த வகை. கொன்ட்ரோலரைச் சாய்த்து, உள்ளே எத்தனை குண்டுகள் உருளுகின்றன என்று கையால் எண்ணும் ஒரு சிறு விளையாட்டை அதோடு வெளியிட்டார்கள். உள்ளே குண்டே இல்லை என்று தெரிந்த பிறகும் கை நம்ப மறுக்கும்.

டுவல்சென்ஸ் 2020 நவம்பரில் வந்தது. அதன் இரு கைப்பிடிகளிலும் இருப்பவை ஒலிபெருக்கியில் உள்ளதைப் போன்ற சுருள்கள். கூம்பு மட்டும் இல்லாத ஒலிபெருக்கி என்று எண்ணிக்கொள்ளலாம். வேகத்தையும் பலத்தையும் தனித்தனியாக மாற்றலாம், ஒரே நேரத்தில் தாழ்ந்த உறுமலையும் அதன்மேல் கூர்மையான தட்டலையும் வைக்கலாம். கணினியில் கம்பியால் இணைத்தால் அது நான்கு தடங்கள் கொண்ட ஒலிக்கருவியாகவே தெரியும்; முதல் இரண்டு தடங்கள் காதுக்கு, மற்ற இரண்டும் இடது கைக்கும் வலது கைக்கும். ஆகவே அதிர்வை வடிவமைப்பவர் எழுதுவது ஒலிக்கோப்பு. பழைய முறையில் ஆட்டத்தை எழுதுபவரிடம் இருந்தவை இரண்டே இரண்டு எண்கள்: எக்ஸ்பொக்ஸ் வகைக் கொன்ட்ரோலருக்கு விண்டோஸில் 0 முதல் 65535 வரை இடது மோட்டாருக்கு ஓர் எண், வலது மோட்டாருக்கு ஓர் எண். மழைத்துளியையும் குதிரைக் குளம்பையும் அந்த இரண்டு எண்களுக்குள் அடக்க வேண்டியிருந்தது.

ஆனால் நீங்கள் கணினியில் விளையாடுபவர் என்பதால் ஓர் எச்சரிக்கை. ஆட்டமே டுவல்சென்ஸுக்கென்று எழுதப்பட்டிருந்தால்தான் மேலே சொன்ன அனைத்தும் கிடைக்கும். அப்போதும் பல ஆட்டங்களுக்குக் கம்பி இணைப்புத் தேவைப்படுகிறது. மற்ற ஆட்டங்கள் அனுப்பும் அதே இரண்டு எண்களை வாங்கி, அந்தச் சுருள்கள் பழைய மோட்டாரைப் போல நடித்துக் காட்டும். முதலில் நீங்கள் விளையாடும் ஆட்டங்களின் பட்டியலைப் பாருங்கள்.

தலவாக்கலை 97 எழுதியது:

"பலத்தில் இல்லை, தொடங்குவதிலும் நிற்பதிலும்" என்று தங்கச்சி எழுதியதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அது என் கட்சிக்குத்தான் வலுச் சேர்க்கிறது. எப்படி அதிர்ந்தாலும் அது திரையில் நான் ஏற்கெனவே பார்த்ததையும், காதில் கேட்டதையும் மூன்றாம் முறையாகச் சொல்கிறது. சொன்னதையே சொல்வதற்கு எதற்கு ஒலிபெருக்கி?

பதுளைப் பொறியியல் எழுதியது:

அண்ணா, அணைத்துவிடுவது தவறு என்று நான் சொல்லமாட்டேன். போட்டிக்கு ஆடுபவர்கள் பலரும் அணைத்துவிடுகிறார்கள். ஆனால் நீங்கள் அணைப்பது எதை என்று யோசித்துப் பாருங்கள். துப்பாக்கி சுடும்போது மூன்று செக்கன் விடாமல் உறுமுவதில் செய்தியே இல்லை. நீங்கள்தான் சுடுகிறீர்கள், அது உங்களுக்குத் தெரியும். போதாக்குறைக்கு, விடாத அதிர்வுக்குத் தோல் விரைவில் மரத்துப்போகிறது, அடுத்து வரும் உண்மையான தட்டலைக் கவனிக்கும் கூர்மையும் போய்விடுகிறது. அதற்குப் பதிலாக, ரவை தீரப்போகும் கடைசி மூன்று சூடுகளில் மட்டும் தட்டல் மாறினால்? திரையின் மூலையில் உள்ள எண்ணைப் பார்க்கக் கண்ணை எடுக்க வேண்டியதில்லை.

விமானத்தில் இதை எப்போதோ செய்துவிட்டார்கள். இறக்கைகள் தாங்கும் விசையை இழக்கப்போகும் நிலை வந்தால், விமானியின் கையிலுள்ள கட்டுப்பாட்டுத் தண்டை ஒரு மோட்டார் கடகடவென்று உலுக்கும். அதில் இருப்பதும் மையம் விலகிய எடைதான், எந்த நவீனமும் இல்லை. ஆனால் அது மற்ற நேரமெல்லாம் பேசாமல் இருப்பதால், பேசும்போது விமானி கேட்கிறார்.

பழைய டீமேக்கர் எழுதியது:

விமானம் எதற்கு மகளே, நுவரெலியா பஸ் போதுமே. றம்பொடை வளைவுகளில் இறங்கும்போது ஓட்டுநர் மீட்டரைப் பார்ப்பதில்லை. ஸ்டியரிங்கும் கியர்த் தண்டும் கைக்குச் சொல்வதைக் கேட்டுத்தான் இறங்குகிறார். என் மைத்துனர் அந்தப் பாதையில் இருபது வருடம் ஓட்டியவர். பவர் ஸ்டியரிங் வண்டி கொடுத்த முதல் வாரம், "வீதி ஊமையாகிவிட்டது" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

அட்டன் ரிப்பேர் மேசை எழுதியது:

ஐயா சொன்னதைப் படித்தவுடன் சுட்டுவிரலால் அழுத்தும் ட்ரிகர் பொத்தானைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று தோன்றியது. ஸ்டியரிங் கைக்குச் சொல்வது அதிர்வு மட்டும் அல்ல, எதிர்ப்பும்கூட. 2013 இல் வந்த எக்ஸ்பொக்ஸ் வன் கொன்ட்ரோலரில் கைப்பிடிக்கு இரண்டு, ட்ரிகருக்கு இரண்டு என்று நான்கு மோட்டார்கள் வைத்தார்கள்; பிரேக் பிடிக்கும் விரலின் கீழேயே சக்கரம் வழுக்குவது தெரியும். ஆனால் அதுவும் அதிர்வுதான். டுவல்சென்ஸில் ட்ரிகருக்குப் பின்னால் சிறிய மோட்டார் ஒன்று திருகுப் பல்சக்கரத்தைச் சுழற்றி, ஒரு நெம்புகோலை ட்ரிகரின் மீது அழுத்துகிறது. விரல் பாதி வழி போனதும் கெட்டியாகிவிடும், அல்லது சட்டென்று விட்டுக்கொடுக்கும். பஸ்காரர் கேட்பது இதைத்தான்.

என் பார்வையில் அந்தக் கொன்ட்ரோலரில் உண்மையிலேயே புதியது ட்ரிகர்தான், கைப்பிடி அதிர்வு அதற்கு அடுத்தபடி. ஆனால் திருத்துபவனாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அசையும் பாகம் கூடினால் தேயும் பாகமும் கூடும். அரைநிலாத் துண்டை நான் பத்து நிமிடத்தில் சரிசெய்வேன். பல்சக்கரமும் நெம்புகோலும் சின்னஞ்சிறு வில்லும் சேர்ந்த பெட்டியைத் திறந்தால் பாதி நாள் போய்விடும்.

நானுஓயா ஆசிரியை எழுதியது:

இந்த உரையாடலைச் சில நாட்களாக வாசித்து வருகிறேன். "திரையில் பார்த்ததையும் காதில் கேட்டதையும் மூன்றாம் முறையாகச் சொல்கிறது" என்ற வரியைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. என் தம்பிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. அவனுக்கு அது மூன்றாம் முறை அல்ல, இரண்டாம் முறை. திரைக்கு வெளியே நடப்பவற்றைப் பொறுத்தவரை முதல் முறை. முதுகுக்குப் பின்னால் வரும் காலடியை மற்றவர்கள் கேட்டுத் திரும்புகிறார்கள். அவன் கொன்ட்ரோலர் சொன்னால்தான் திரும்புவான்.

வெளிநாட்டிலுள்ள சித்தப்பா அவனுக்கு டுவல்சென்ஸும் பிளேஸ்டேஷனும் அனுப்பியிருக்கிறார். பழைய கொன்ட்ரோலரில் அவன் அடையாளம் கண்டவை மூன்றோ நான்கோ: அடி விழுந்தது, வெடித்தது, வண்டி மோதியது. இப்போது மணலில் நடப்பதையும், உலோகத் தகட்டில் நடப்பதையும், கண்ணாடி மேல் நடப்பதையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்கிறான். ஆனால் எல்லா ஆட்டத்திலும் அப்படி இல்லை. சில ஆட்டங்களில் பின்னணி இசையையே கைப்பிடிக்கு அனுப்பிவிடுகிறார்கள். காது கேட்பவர்களுக்கு அது இனிமையாக இருக்கலாம். அவனுக்கு அது எந்நேரமும் பக்கத்தில் நின்று சத்தமாகப் பேசும் ஆள். அவற்றில் அதிர்வின் அளவை அமைப்பில் குறைத்துவிடுகிறான். ஆகவே தங்கச்சி சொன்னது சரி, பேசாமல் இருக்கத் தெரிந்த கொன்ட்ரோலர்தான் அவனுக்கு உதவுகிறது.

தலவாக்கலை 97 எழுதியது:

அக்கா, அந்த வரியை நான் எனக்காக மட்டும் எழுதியிருக்க வேண்டும். மன்னியுங்கள். துப்பாக்கி ஆட்டத்தில் நான் அணைத்துத்தான் வைப்பேன், அது என் பழக்கம். ஆனால் "முக்கால் பங்கு புதிய பெயர்" என்பதைத் திரும்பப் பெறுகிறேன்.

கொட்டகலைக் குளிர் எழுதியது:

இவ்வளவு விளக்கத்தை நான் எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. ஒரு சிறிய சந்தேகம். காலையில் ஆறு மணிக்கு எழுந்து விளையாடினால், நல்ல நிலையிலிருந்த காலத்திலேயே வலது பக்க அதிர்வு எனக்கு மங்கலாகத்தான் தெரியும். மத்தியானம் அதே ஆட்டத்தில் நன்றாகத் தெரியும். குளிரில் மோட்டார் மந்தமாகிறதா?

பதுளைப் பொறியியல் எழுதியது:

மோட்டார் அல்ல, உங்கள் விரல்கள். தோலுக்குள் அதிர்வை உணரும் நரம்பு முனைகள் ஒரே வகை அல்ல. ஆழத்தில் இருக்கும் பசினியன் எனப்படும் முனைகள் ஏறத்தாழ 250 ஹேர்ட்ஸ் அளவிலான விரைவான அதிர்வுகளை மிக நுட்பமாகப் பிடிக்கும். மேலே இருக்கும் மைஸ்னர் முனைகள் சில பத்து ஹேர்ட்ஸ் அளவிலான மெதுவான படபடப்பைப் பிடிக்கும். தோல் குளிர்ந்தால் முதலில் மழுங்குவது விரைவான அதிர்வை உணரும் திறன். மெதுவான அதிர்வுக்கு அந்தப் பாதிப்பு மிகக் குறைவு. சிறிய மோட்டார் வேகமாகச் சுற்றுவதால் அதன் அதிர்வு உயர்ந்த பக்கம் இருக்கிறது; ஆகவே காலையில் வலது பக்கம் மறைந்து, இடது பக்க உறுமல் மட்டும் மிஞ்சுகிறது.

இதில் மலையகத்தாருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. டுவல்சென்ஸில் நாம் காசு கொடுத்து வாங்கும் நுணுக்கம் பெரும்பாலும் அந்த விரைவான அதிர்வுகளில்தான் இருக்கிறது. கொழும்பில் இருப்பவர் வருடம் முழுவதும் அதை அனுபவிப்பார். நுவரெலியாவில் ஜனவரி மாத விடியற்காலையில் கம்பளிக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து விளையாடுபவர், கொடுத்த பணத்தில் பாதியைக் குளிருக்கு வரியாகக் கட்டுகிறார்.

நானுஓயா ஆசிரியை எழுதியது:

அதற்காகத்தான் தம்பி விளையாடத் தொடங்கும் முன் தேநீர்க் கோப்பையை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானோ? நான் அதைக் குளிருக்கு என்று மட்டுமே நினைத்திருந்தேன்.

கொட்டகலையிலிருந்து நானுஓயா ரயிலில் அதிக தூரம் இல்லை. வாங்குவதற்கு முன் பிடித்துப் பார்க்க விரும்பினால் ஒரு போயா தினத்தில் வாருங்கள். தம்பிக்கும் விளையாடத் துணை கிடைக்கும்.

கொட்டகலைக் குளிர் எழுதியது:

போயாவுக்குப் போய் வந்தேன். அதற்கு முதல் சனிக்கிழமை அட்டன் அண்ணனின் கடைக்கும் போனேன். பென்டோர்ச் பெட்டரியை வைத்தவுடன் மோட்டார் உற்சாகமாகச் சுற்றியது. அரைநிலாத் துண்டு மட்டும் அச்சிலிருந்து கழன்று கூட்டுக்குள் கிடந்தது. அண்ணன் அதை மீண்டும் செருகி, ஒரு துளி பசை வைத்துக் கொடுத்தார். கட்டணமாக ஒரு பால் தேநீர் வாங்கிக்கொண்டார். அன்றிரவே வீதியோரச் சரளைக்கல் கைக்குத் திரும்பி வந்துவிட்டது.

நானுஓயாவில் டுவல்சென்ஸை முதன்முதலாகப் பிடித்தபோது, பிளேஸ்டேஷனோடு இலவசமாக வரும் அந்தச் சிறு ரோபோ விளையாட்டைத் தம்பி போட்டுக் காட்டினார். மழை பெய்யும் இடத்தில் துளிகள் தனித்தனியாக உள்ளங்கையில் விழுந்ததைப் பற்றி எழுதினால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள், ஆகவே விட்டுவிடுகிறேன். வியப்பளித்தது வேறொன்று. அதிர்வு நின்ற கணத்தில் அது உண்மையிலேயே நின்றது, வால் இல்லை. டீமேக்கர் ஐயா சொன்ன அந்தச் சல்லடை அடங்கும் தடதடப்பு என் கொன்ட்ரோலரில் எவ்வளவு நேரம் இழுக்கிறது என்பதை, அது இல்லாத ஒன்றைப் பிடித்த பிறகே உணர்ந்தேன்.

ஆனால் பின்னர் அதே டுவல்சென்ஸை என் மடிக்கணினியில் பொருத்தி, நான் வழக்கமாக ஓட்டும் கார் ஆட்டத்தைப் போட்டோம். தங்கச்சி எச்சரித்தபடியே, பழைய இரண்டு எண்கள்தான். கைப்பிடி பழையதைவிடச் சற்று இதமாக உறுமியது, அவ்வளவுதான். அண்ணனிடம் இந்த வருடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கணினியில் நான் விளையாடும் ஆட்டங்கள் மாறினால் மறுபடி யோசிக்கலாம்.

இன்னொன்று நடந்தது. திருத்திய என் கொன்ட்ரோலரைத் தம்பி வாங்கிப் பிடித்துப் பார்த்தார். ஒரு நிமிடத்துக்குள் வலது கைப்பிடியைத் தட்டிக் காட்டி, இரண்டு நகங்களையும் ஒன்றோடொன்று உரசிக் காட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, எனக்கு எதுவும் தெரியவும் இல்லை. வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால், அரைநிலாத் துண்டு அச்சில் சற்று ஆழமாகப் போய், மோட்டாரின் உலோக உறையில் மெல்ல உரசியிருக்கிறது. உறையில் மெல்லிய கீறல் வட்டமாக விழுந்திருந்தது. ஆட்டத்தின் சத்தத்தில் அந்த உரசல் என் காதுக்கு எட்டவே இல்லை.

அட்டன் ரிப்பேர் மேசை எழுதியது:

செருகும்போது நான் கொஞ்சம் அழுத்திவிட்டேன், தவறு என்னுடையது. மோட்டாருக்கும் துண்டுக்கும் இடையில் ஒரு தாள் கனத்துக்கு இடைவெளி விட்டுச் செருகியிருக்க வேண்டும். கொண்டு வாருங்கள், இந்த முறை தேநீர் என் கணக்கு.

ஆசிரியை அக்காவுக்கு ஒரு வேண்டுகோள். பழுது இருக்கிறது என்று சொல்லிக் கொண்டுவரப்பட்டு, எனக்குப் பழுதே தென்படாத கொன்ட்ரோலர்கள் நான்கு என் மேசையில் கிடக்கின்றன. பாடசாலை விடுமுறையில் ஒரு நாள் தம்பியை அட்டனுக்கு அழைத்து வர முடியுமா? ரயில் காசும் பகல் சாப்பாடும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

நானுஓயா ஆசிரியை எழுதியது:

அவனிடம் காட்டினேன். சனிக்கிழமை என்கிறான். கைகள் சூடாக இருக்க வேண்டும், ஆகவே மத்தியான ரயிலில் வருகிறோம்.